பழ மஃபின் அடியில் களியாகிறது, செலவும் கூடுகிறது: என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். சென்னை வியாசர்பாடியில் வீடு, ஓவன் கிடையாது, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஸ்நாக்ஸ் டப்பாவில் வைத்து அனுப்ப வாரம் ஒருமுறை பழ மஃபின் செய்ய ஆசை. வீடியோ பார்த்து வாழைப்பழம், சர்க்கரை, முட்டை, எண்ணெய், மைதா எல்லாவற்றையும் மிக்சியில் ஒன்றாக அடித்துக் குக்கரில் வைத்தீர்கள். மேலே கேக் வந்தது, அடியில் களி. அடுத்த முறை ஆப்பிள் போட்டீர்கள், செலவு எகிறியது, களி மட்டும் அப்படியே. பேக்கரி கப் கேக் எப்படி அவ்வளவு மெத்தென்று வருகிறது, ப்ளூபெர்ரிக்குப் பதில் நம் ஊரில் என்ன போடலாம், ஓடிஜி (மேஜை மேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நாலைந்து இருந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: பழமும் தாராளமாக இருக்க வேண்டும், காசும் கையைக் கடிக்கக் கூடாது, இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மாவு ஏன் சொதப்புகிறது?

நான் ராயபுரத்தில் ஒரு பேக்கரியில் மாஸ்டர் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொண்டு, பல வருஷம் அங்கேயே இருந்துவிட்டு, இப்போது தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். இதில் கெமிஸ்ட்ரியாக நிச்சயம் தெரிந்த விஷயங்களும் இருக்கின்றன, என் கைக்கு இப்படி வருகிறது என்று மட்டும் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நிச்சயமானதிலிருந்து தொடங்குவோம். பழம் என்றால் பெரும்பாலும் தண்ணீர். வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர், மாம்பழத்திலும் ஆப்பிளிலும் நூற்றுக்கு 80க்கு மேல், அன்னாசியில் அதற்கும் கொஞ்சம் கூட, பப்பாளியில் 88 பக்கம், தர்பூசணியில் 90ஐத் தாண்டிவிடும். கால் கிலோ பப்பாளியை மசித்து மாவில் போட்டால் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றியதாகத்தான் கணக்கு. அதன் மேல் வீடியோவில் சொன்ன பாலையும் ஊற்றினால் மாவால் தாங்க முடியாது. எந்தப் பழம் என்று முடிவு செய்யும்போதே எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்று யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, பணத்தில் மிச்சம் பிடிக்கிற வழியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. முட்டையைக் குறைப்பதும் சர்க்கரையைக் குறைப்பதும் பைசாக் கணக்கு. பழம் சரியாக அமைந்தால் ரூபாய்க் கணக்கிலேயே மிச்சமாகும்.

இனி மிக்சி. உங்கள் விஷயத்தில் முதல் குற்றவாளி அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். மைதா ஈரத்தோடு சேர்ந்து அடிபட அடிபட அதில் இருக்கும் புரதம் இழுவையாக மாறும். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், மஃபினுக்கு அது எதிரி. மிக்சி பிளேடு அரை நிமிஷத்தில் செய்வதைக் கையால் செய்யப் பத்து நிமிஷம் ஆகும். போதாததற்கு வாழைப்பழமும் மிக்சியில் அடித்தால் கொழகொழவென்று கூழாகி மாவோடு ஒட்டிக்கொள்ளும். முள்கரண்டியாலோ பருப்பு மத்தாலோ மசித்தால் அங்கங்கே சின்னத் துண்டுகள் நிற்கும், சாப்பிடும்போது பழம் பழமாகத் தெரியும். அதனால் பழம் குறைவாகப் போட்டாலும் நிறையப் போட்ட மாதிரி இருக்கும். பட்ஜெட் பார்க்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நான் எப்போதும் வைத்துக்கொள்ளும் அளவு இது, நடுத்தர அளவில் பத்து மஃபின் வரும். மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், இவற்றை ஒரு பாத்திரத்தில் சலித்து வையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் தோல் நீக்கி மசித்த வாழைப்பழம் 250 கிராம், சர்க்கரை 110 கிராம், எண்ணெய் 70 மில்லி, முட்டை ஒன்று, புளித்த தயிர் நாலு டேபிள்ஸ்பூன் போட்டு, சர்க்கரை ஏறக்குறைய கரைகிற வரை கலக்குங்கள். இந்த ஈரக் கலவையை எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம், ஒன்றும் ஆகாது. பிறகு மாவை அதில் கொட்டி, அகலமான கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிப் பத்துப் பன்னிரண்டு முறை. அவ்வளவுதான். அங்கங்கே கட்டி இருக்கும், வெள்ளை மாவுக் கோடு ஒன்றிரண்டு தெரியும், கை பரபரக்கும், விட்டுவிடுங்கள். அந்தக் கட்டிகள் வேகும்போது தானே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பதம் போண்டா மாவைவிட ஒரு பிடி இளக்கம், கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் தொப்பென்று விழ வேண்டும். ஓடினால் ஒரு ஸ்பூன் மைதா, கல்லாக இருந்தால் இரண்டு ஸ்பூன் பால்.

வீட்டில் தராசு இல்லை என்றால் 200 மில்லி பிடிக்கும் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். மாவை ஸ்பூனால் அள்ளிப் போட்டு, அழுத்தாமல் தலைதட்டினால் ஒரு டம்ளருக்கு 100 கிராமுக்குச் சற்று மேலே வரும், ஆக இரண்டு டம்ளர் மைதா. டம்ளரையே மாவுக்குள் விட்டு அள்ளினால் எடை கூடிவிடும், மஃபின் வறண்டு போக அது ஒன்றே போதும். சர்க்கரை மூன்றில் இரண்டு டம்ளர். வீடியோக்களில் வரும் கப் 240 மில்லி. நம் வீட்டு டம்ளரால் அந்தக் கணக்கைப் பின்பற்றினால் ஒன்று கூடும் ஒன்று குறையும். ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்குவது ஓடிஜிக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு என்பது என் கட்சி.

சோடாவையும் பேக்கிங் பவுடரையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடாதீர்கள். ஆப்ப சோடா புளிப்போடு சேர்ந்தால்தான் முழுதாக வேலை செய்யும், தயிர் கேட்பது அதற்காகத்தான். பேக்கிங் பவுடரில் சோடாவும் அதற்கு வேண்டிய புளிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. சோடாவின் வேகம் அதைப் போல் மூன்று நாலு மடங்கு. பவுடர் தீர்ந்துவிட்டது என்று அதே அளவுக்குச் சோடா போட்டால் சோப்பு வாடை அடிக்கும், நன்றாக எழும்பி வந்து நடுவில் பள்ளம் விழும். இன்னொன்று, நம் பக்கம் கடல் காற்று. திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், உப்பு ஜாடியே ஈரம் கசியும். மூடி சரியாக மூடாத பேக்கிங் பவுடர் டப்பா இந்த ஈரத்தில் தேதி முடிவதற்கு முன்பே செத்துப்போகும். அரை டீஸ்பூன் எடுத்துக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள், உடனே பொங்கி நுரைக்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் தூக்கிப் போடுங்கள். பெரிய டப்பா மலிவு என்று வாங்காமல் சின்னதாக வாங்கி இறுக மூடி வைப்பதுதான் லாபம். சில்லறையில் பொட்டலம் கட்டித் தருகிற பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம், எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியாது.

பழத்துக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம் இதுதான். மலிவு மஃபினுக்கு வருஷம் முழுக்கக் கைகொடுப்பது வாழைப்பழம், அதிலும் மோரிஸ். தோலில் புள்ளி விழுந்து, பாதி கறுத்து, வீட்டில் யாரும் தொடாத நிலைக்கு வந்த பழம்தான் நமக்குத் தேவை, ஏனென்றால் அப்போதுதான் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும், மணமும் அப்போதுதான் வரும். சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் உதிரிப் பழமாகக் கேட்டுப் பாருங்கள். சீப்பிலிருந்து கழன்று விழுந்ததை அவர் மறுநாள் விற்க முடியாது, விலை பேசலாம். பூவனில் லேசான புளிப்பு உண்டு, சோடாவோடு நன்றாகப் போகும், ஆனால் சின்ன பழம், உரித்து எடை போட்டால் எண்ணிக்கை அதிகம் ஆகும். கற்பூரவள்ளி அதிகத் தித்திப்பு, சர்க்கரையை 80 கிராமுக்கு இறக்கிக்கொள்ளலாம். ரஸ்தாளி, ஏலக்கி எல்லாம் அப்படியே சாப்பிட வேண்டிய பழம், மாவில் போட்டு வேகவைப்பது எனக்கு மனசு வராத காரியம். ரகத்துக்கு ரகம் நான் சொல்லும் இந்த வித்தியாசம் என் கைக்கும் நாக்குக்கும் தெரிந்தது, பழம் எந்த அளவு கனிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து உங்களுக்கு மாறலாம்.

அடிபட்டுக் கறுத்த இடம் பரவாயில்லை, வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். பூஞ்சை பிடித்தது, சாராய வாடை அடிப்பது, தோலுக்குள் நீர் கோத்தது, இவற்றைத் தூக்கிப் போடுங்கள். எப்படியும் வேகத்தானே போகிறது என்று நினைக்க வேண்டாம், பூஞ்சை விடும் நஞ்சுகளில் சில அடுப்புச் சூட்டையும் தாங்கும். பிள்ளைகள் சாப்பிடுவதில் அந்தச் சிக்கனம் கூடாது.

பப்பாளி மலிவு, ஆனால் அப்படியே போட்டால் உங்கள் களிப் பிரச்சினைதான். மசித்து, வாணலியில் போட்டு, மிதமான தீயில் பாதியாகச் சுண்டும் வரை கிளறி ஆறவையுங்கள். பச்சைப் பப்பாளி வாடையும் போகும், நிறமும் ஆரஞ்சாக இறங்கும். அன்னாசியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு சட்டியில் போட்டால் முதலில் குபுகுபுவென்று சாறு விடும், பயப்பட வேண்டாம், கிளறிக்கொண்டே இருங்கள். சாறு கெட்டியாகி, துண்டுகள் பளபளவென்று ஆகி, சட்டி அடியில் சர் என்று சத்தம் மாறும்போது இறக்குங்கள். அந்தப் பதத்தில் போட்ட அன்னாசி மாவில் தண்ணீர் விடாது, ஒவ்வொரு துண்டும் மிட்டாய்த் துண்டாக நிற்கும். மாம்பழ சீசனில் நார் இல்லாத எந்த மாம்பழமும் ஆகும், அதையும் கொஞ்சம் சுண்டவைக்க வேண்டும், மேலே சொன்ன 250 கிராம் என்பது சுண்டிய பிறகு உள்ள எடை. சப்போட்டா கொட்டை எடுத்து மசித்தால் சுண்டவைக்காமலே போடலாம், அது கூழாக இருந்தாலும் வாழைப்பழம் மாதிரிதான் நடந்துகொள்ளும், லேசாகக் கருப்பட்டி மணம் வரும். கொய்யா மசிப்பது வேலை, விதை பல்லில் மாட்டும். ஆப்பிள் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்றைத் தோலோடு துருவிப் பிழிந்து போடுங்கள், நறுக்கிப் போட்டால் இரண்டு வேண்டும். தர்பூசணி, திராட்சைச் சாறு, இதெல்லாம் மஃபினுக்கு வேண்டாம்.

ப்ளூபெர்ரிக்குப் பதில் என்று கேட்டால் என் பதில் நாவல். மழைக்கு முந்தின மாசங்களில் தள்ளுவண்டியில் உப்பு போட்டு விற்பார்களே, அதேதான். சதையைக் கத்தியால் வழித்தெடுத்து, மூன்று ஸ்பூன் சர்க்கரையோடு கெட்டியாகக் காய்ச்சி, மாவைக் கலந்த பிறகு இரண்டு சுற்று மட்டும் புரட்டிவிட்டால் ஊதாக் கோடு கோடாக வரும். துவர்ப்பு கொஞ்சம் இருக்கும், பிடிக்காத பிள்ளைகள் உண்டு. இதில் ஒரு எச்சரிக்கை: நாவலோ பன்னீர் திராட்சையோ போடும்போது ஆப்ப சோடாவை அறவே விட்டுவிடுங்கள், பேக்கிங் பவுடரை இரண்டு டீஸ்பூன் ஆக்கித் தயிரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊதா நிறம் புளிப்பில் சிவப்பாக நிற்கும், சோடாவில் நீலமாகி, சாம்பல் பச்சையாகிவிடும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் பச்சை பூத்த மஃபினை எந்தப் பிள்ளை தொடும்? பன்னீர் திராட்சையில் விதை வேறு எடுக்க வேண்டும், ஒருமுறை செய்தால் மறுமுறை செய்யத் தோன்றாது.

இன்னும் மலிவு வேண்டுமா, கமலா ஆரஞ்சுத் தோல். பழத்தைப் பிள்ளைகள் சாப்பிடட்டும், அதற்கு முன் கழுவித் துடைத்து, மேல் ஆரஞ்சு நிறத்தை மட்டும் மெல்லிய துருவலில் துருவி, சர்க்கரையோடு விரலால் தேய்த்து வையுங்கள். எண்ணெய் கசிந்து சர்க்கரை ஈரமாகும், அந்த மணத்துக்கு எசென்ஸ் எதுவும் தேவையில்லை. வெள்ளைப் பகுதி வரைக்கும் துருவினால் கசக்கும். டூட்டி ஃப்ரூட்டியும் போடலாம், அது பச்சைப் பப்பாளியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து நிறம் போட்டது, பழச் சத்து என்று கணக்கில் எழுத வேண்டாம். நிறையச் செய்கிறவர்கள் கிஸ்மிஸ், டூட்டி ஃப்ரூட்டி, காகிதக் கப் எல்லாவற்றையும் சவுக்கார்பேட்டை, பாரிமுனைப் பக்கம் மொத்தமாக வாங்கிவிடுவார்கள், வாரம் ஒருமுறை பத்து செய்கிறவருக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. பழத் துண்டு அடியில் போய் உட்காராமல் இருக்க மைதாவில் புரட்டிப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. மாவு கெட்டியாக இருந்து துண்டு சின்னதாக இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் எதில் புரட்டினாலும் இறங்கிவிடும்.

கொழுப்புக்கு எண்ணெயே போதும். வெண்ணெய் எண்ணெயைப் போல் மூன்று நாலு மடங்கு விலை, பழ மஃபினில் பழ வாசனைதான் முன்னால் நிற்கும் என்பதால் அந்தச் செலவு வீண். சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் எதுவானாலும் சரி. கடலை எண்ணெய் வாடை வெளியே தெரியும், நல்லெண்ணெய் வேண்டாம், அன்னாசிக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் அருமையாகச் சேரும். முட்டை வேண்டாத வீடுகளில் முட்டையை விட்டுத் தயிரை இரட்டிப்பாக்கி, சோடாவை அரை டீஸ்பூன், பவுடரை ஒரு டீஸ்பூன் என்று மாற்றுங்கள், வரும், ஆனால் கொஞ்சம் கனமாக, சீக்கிரம் உதிர்கிற மாதிரி வரும். காசுக்காக முட்டையை விடாதீர்கள், ஒரு முட்டை பத்து மஃபினையும் பிடித்து நிறுத்துகிறது. கோதுமை மாவு சேர்க்க ஆசைப்பட்டால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி, இரண்டு ஸ்பூன் பால் கூட்டிக்கொள்ளுங்கள், நம் ஆட்டா மைதாவைவிடத் தண்ணீர் அதிகம் குடிக்கும்.

குக்கர் விஷயம். ஆகும், ஆனால் பிரஷர் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் வெறுமனே காய்ச்ச வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். கனமான பழைய அலுமினியச் சட்டியோ இட்லி குண்டானோ இருந்தால் அதை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். குக்கர்தான் இருக்கிறது என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அடியில் ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் தட்டு, மூடிப் பத்து நிமிஷம் மிதமான தீயில் சூடாக்கி, கப்புகளை வைத்துத் தீயை நன்றாகக் குறைத்து 25 முதல் 35 நிமிஷம். உப்பு கொட்டுவது, மணல் கொட்டுவது பற்றி ஆளுக்கு ஒரு கருத்து, அடிச் சூட்டைக் கொஞ்சம் தணிக்கும் என்பது உண்மை, ஆனால் ஸ்டாண்டு உயரமாக இருந்தால் அது இல்லாமலும் நடக்கிறது. மூடியில் சேரும் ஆவி சொட்டுச் சொட்டாக மஃபின் தலையில் விழுவதுதான் பெரிய தொல்லை. குக்கரில் வெயிட் எடுத்த துளை வழியே ஆவி போய்விடும், சட்டியில் செய்தால் மூடியைத் துணியால் சுற்றி முனைகளை மேலே இழுத்துக் கட்டுங்கள், துணி தீப்பக்கம் தொங்கக் கூடாது. சூடு கீழே இருந்தே வருவதால் மேல்பக்கம் பொன்னிறம் வராது, அதை எதிர்பார்த்து அதிக நேரம் வைத்தால் அடி தீய்ந்துவிடும். இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் வைக்கலாமா என்றால் வேகும், ஆனால் ஆவி 100 டிகிரிக்கு மேல் போகாது, நிறமும் அந்த மேல் தோலும் அதற்கு மேலான சூட்டில் பிறப்பவை. வருவது இனிப்பு இட்லி, மஃபின் அல்ல.

குக்கரில் ஒரு நேரத்தில் நாலைந்து கப்தான் நிற்கும், மீதி மாவு காத்திருக்கும். இங்கேதான் பலருக்கு இரண்டாவது ஈடு தட்டையாகிறது. சோடா ஈரம் பட்ட உடனே வேலையை ஆரம்பித்துவிடும், அரை மணி நேரம் கழித்து அதில் மூச்சு இருக்காது. அதனால் உலர்ந்த கலவையையும் ஈரக் கலவையையும் பாதி பாதியாகப் பிரித்து வைத்துவிட்டு, முதல் ஈடு இறங்கப் போகிற நேரத்தில் மீதிப் பாதியைக் கலக்குங்கள். கப்பில் முக்கால் அளவுக்கு ஊற்றினால் போதும். காகிதக் கப் இல்லை என்றால் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணெய் தடவி, மைதா தூவித் தட்டிவிட்டு ஊற்றுங்கள். வெந்ததா என்று பார்க்க, புதுத் துடைப்பத்திலிருந்து எடுத்துக் கழுவிய ஈர்க்குச்சி. பழத் துண்டில் குத்திவிட்டு வேகவில்லை என்று ஏமாறாமல் இரண்டு இடத்தில் குத்துங்கள், விரலால் மேலே லேசாக அழுத்தினால் எழும்பி வர வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் அச்சிலேயே விடாதீர்கள், சூட்டோடு உள்ளே இருந்தால் ஆவி அடியில் தண்ணீராகத் தங்கிவிடும். அடிக் களிக்கு இதுவும் ஒரு காரணம், நீங்கள் எப்போது வெளியே எடுத்தீர்கள் என்று எழுதவில்லை, அதனால் இதையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

பேக்கரி கப் கேக் ரகசியம் பெரிசாக ஒன்றும் இல்லை. பல இடங்களில் கேக் ஜெல் என்று ஒன்று போடுகிறார்கள், எண்ணெயையும் தண்ணீரையும் காற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் பொருள், மெஷினில் அடித்தால் கொஞ்சம் மாவே பாத்திரம் நிறைய எழும்பும். சட்டப்படி அனுமதி உள்ளதுதான், விஷம் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் மஃபின் என்பது கொஞ்சம் கனமாக, பிட்டால் கரகரப்பாகப் பிய்கிற பண்டம், அதை அந்தப் பஞ்சோடு ஒப்பிட்டு உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்.

செலவை ஒரு தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 200 கிராம் மைதா 10 ரூபாய் சொச்சம், சர்க்கரை 5, எண்ணெய் 10, முட்டை 6 அல்லது 7, தயிர் 5, வாழைப்பழம் நீங்கள் வாங்குகிற நேரத்தைப் பொறுத்து 15 முதல் 25, பவுடரும் கப்பும் சேர்ந்து 10 பக்கம், அடுப்புச் செலவு தனி. எப்படிக் கூட்டினாலும் ஒன்று பத்து ரூபாய்க்குள் அடங்கிவிடும். கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் விலை மாறும், ஆனாலும் பழம்தான் முதலிடத்தில் நிற்கும், ஆப்பிள் போட்டபோது உங்களுக்கு எகிறியதும் அதனால்தான். சத்தான பண்டம் என்று நினைத்துத் தினமும் கொடுக்கவும் வேண்டாம், இந்த அளவில் ஒவ்வொன்றிலும் போட்ட சர்க்கரையே 11 கிராம், அதாவது இரண்டரை டீஸ்பூனுக்கு மேல், பழத்தின் தித்திப்பு அதற்கும் மேல். சர்க்கரையைக் கால் பங்கு வரை குறைத்தால் தாங்கும், பாதியாகக் குறைத்தால் வறண்டு, நிறம் வெளுத்து, மறுநாளே ரொட்டித் துண்டு ஆகிவிடும்.

நம் ஊர் சூட்டில் வெளியே ஒன்றரை நாள், தாராளமாக வைத்தால் இரண்டு நாள். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட்டு, அடியிலும் மேலும் ஒரு டிஷ்யூ பேப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் தலை பிசுபிசுக்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் கெடாது, ஆனால் சீக்கிரம் இறுகிவிடும், மாவுச்சத்து அந்தக் குளிர்ச்சியில்தான் வேகமாகக் கெட்டியாகிறது. ஃப்ரீசரில் கவரில் கட்டிப் போட்டால் இரண்டு மூன்று வாரம் தாங்கும், காலையில் எடுத்து டப்பாவில் வைத்தால் இன்டர்வெல் மணிக்குள் தானே மெத்தென்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்துவிட்டு வாரம் முழுக்க ஓட்ட இதுதான் வழி.

கடைசியாக ஓடிஜி. சின்னது மூவாயிரம் நாலாயிரம் ரூபாயில் தொடங்குகிறது. 1200 முதல் 1500 வாட் வரை இழுக்கும், ஆனால் சூடு வந்ததும் விட்டு விட்டு எரிவதால் ஒரு ஈடு மஃபினுக்கு, முன்சூட்டையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்குள்தான் ஆகும். 180 டிகிரியில் 20 நிமிஷம், பத்தும் ஒரே நேரத்தில், மேல்பக்கம் பொன்னிறமாக. வேலை சுலபமாகும், உண்மைதான். ஆனால் மிக்சியில் அடித்த மாவை அதில் வைத்தாலும் அடியில் களிதான் வரும். அதனால் இப்போதைக்கு வாங்காதீர்கள். கையால் கலக்கிக் குக்கரிலேயே நாலைந்து ஈடு போட்டுப் பாருங்கள், பிள்ளைகளும் சலிக்காமல் கேட்கிறார்கள் என்றால் அப்புறம் யோசிக்கலாம். வாங்குவதற்கு முன் வீட்டில் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கிறதா, சாயங்காலம் வோல்டேஜ் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோடைச் சாயங்காலத்தில் ஏசிகள் எல்லாம் ஓடும்போது எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கி, டயல் 180 காட்டினாலும் உள்ளே அந்தச் சூடு வர நேரமாகிறது, நான் மதியத்துக்குள் முடித்துவிடுவேன். பாதியில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் அப்படியே விடுங்கள், ஓவன் நன்றாகச் சூடாகிப் பத்து நிமிஷம் தாண்டியிருந்தால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே பெரும்பாலும் வெந்துவிடும். அதற்கு முன்னாலேயே போய்விட்டால், கரண்ட் வரும் வரை காத்திருக்காமல் அந்தக் கப்புகளைத் தூக்கிச் சூடான குக்கருக்கு மாற்றிவிடுங்கள்.